கடைப் பிள்ளைகளின் மனச்சோர்வும் செல்போன் வழிப் பயிற்சியும்

இந்தப் பக்கங்களில் நாம் வழக்கமாக எழுதி வருவது பருப்பு வரத்து, ஜி.எஸ்.டி. ரிட்டன், தராசு முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் ஆகியவை பற்றித்தான். இந்தத் தடவை எடுத்துக்கொண்டிருப்பது நம் கடைகளில் வேலை பார்க்கும் இளவயதுப் பிள்ளைகளின் மனநிலை பற்றியது. "இதற்கும் வியாபாரத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நாங்களும் 2023 தை மாதம் வரை அப்படிக் கேட்டவர்கள்தான்.

விருதுநகரில் எங்கள் கடையில் பில் போடுவதற்கு ஒரு பையன் இருந்தான். பி.காம். படித்தவன். வயது 21. சாத்தூர் பக்கத்துக் கிராமம். 2021-இல் வேலைக்குச் சேர்ந்தான். கம்ப்யூட்டரில் கை வேகம், கணக்கில் சுத்தம். காலை எட்டு மணிக்குக் கடை திறக்கும்போது எங்களுக்கு முன்னால் வந்து நிற்பான். ஒன்றரை வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி இருந்தவன், 2022 தீபாவளிக்குப் பிறகு மாறிப்போனான். சாப்பாட்டுப் பாத்திரம் பாதி மீதியோடு வீட்டுக்குப் போகும். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புவான். மார்கழியில் ஒரு நாள் பத்து மூட்டை துவரம்பருப்பு ஏற்றிப் போன வண்டிக்கு ஒரு மூட்டை என்று பில் போட்டுவிட்டான். மாலையில் கிட்டங்கி இருப்பைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான்கு வெளியூர் வியாபாரிகள் பெட்டியடியில் நின்றுகொண்டிருந்தபோதே சத்தம் போட்டோம். சொல்லக்கூடாத வார்த்தையும் இரண்டு வந்துவிட்டது. புத்தி வரட்டும் என்று சம்பளத்தில் 3,400 ரூபாய் பிடித்தம் செய்தோம்.

பொங்கல் கழிந்து அவன் வரவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஏதோ சூப்பர் மார்க்கெட்டில் ஆயிரம் ரூபாய் கூடத் தருகிறார்கள் என்று போய்விட்டான் போலிருக்கிறது, இந்தக் காலத்துப் பையன்கள் இப்படித்தான் என்று பேசிக்கொண்டோம். பத்து நாள் சென்று அவன் தாயார் வந்தார். கிட்டங்கிச் சாவி ஒன்று அவனிடம் தங்கிவிட்டதாம். அதைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர். பையன் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் இருக்கிறான், உயிரை விடப் பார்த்தான், ஆண்டவன் புண்ணியத்தில் பிழைத்தான் என்று சொன்னார். "உங்க மேல குத்தமில்ல ஐயா, ரெண்டு மூணு மாசமாவே தூங்காமக் கெடந்தான். எங்களுக்குத்தான் தெரியாமப் போச்சு" என்றார்.

சம்பள பாக்கி பார்ப்பதற்காக நோட்டைப் புரட்டினோம். "பில் தவறு, பிடித்தம் ரூ. 3,400" என்று எங்கள் கையெழுத்திலேயே இருந்தது. அந்தப் பருப்பை எடுத்துப் போன வியாபாரி யோக்கியர். மறு வாரமே தவறைத் தாமே சொல்லி, ஒன்பது மூட்டைக்கும் பணம் அனுப்பிவிட்டார். வரவு வைத்தோம். பையனிடம் பிடித்ததைத் திருப்பித் தர மறந்துபோனோம். அன்றைக்கு அந்தம்மாவிடம் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு எண்ணாமல் முடிந்துகொண்டு போனார்.

அதற்குப் பிறகு நாலு டாக்டர்களைக் கேட்டும், படிக்கத் தெரிந்த வரையில் படித்தும், எங்கள் மருமகள் இங்கிலீஷில் இருப்பதைப் படித்துச் சொல்லக் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். நாங்கள் டாக்டர்கள் அல்ல. பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவர்கள். பிழையிருந்தால் விவரம் அறிந்தவர்கள் திருத்தலாம்.

மனச்சோர்வு என்பது என்ன

சரக்கு தேங்கினாலோ, வீட்டில் சண்டை வந்தாலோ இரண்டு நாள் மனசு சரியில்லாமல் இருப்பது மனச்சோர்வு அல்ல. அது எல்லோருக்கும் உள்ளது, தானாகத் தெளியும். டாக்டர்கள் சொல்லும் மனச்சோர்வு வேறு. துக்கமோ, எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரம் தொடர்ந்து, நாளின் பெரும்பகுதி இருக்கும். அதோடு தூக்கம் கெடும், அல்லது எந்நேரமும் தூக்கமாக வரும். பசி குறையும். உடம்பு அசதி தட்டும். கவனம் நிற்காது. "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் வரும். சிலருக்குச் சாவைப் பற்றிய நினைப்பு வரும். இந்த அறிகுறிகளை ஒன்பது கேள்விகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டு, மொத்தம் 27-க்குக் கணக்குப் பார்க்கும் தாள் ஒன்றை உலகம் முழுவதும் டாக்டர்கள் வைத்திருக்கிறார்கள். 10 அல்லது அதற்கு மேல் போனால் டாக்டர் நேரில் பார்ப்பது அவசியம் என்கிறார்கள்.

எங்கள் பையனிடம் இதில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரிந்தன. நாங்கள் அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டோம். பில் தவறு என்பது திமிரோ கவனக்குறைவோ இல்லாமல் நோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பது நமக்கு யாரும் சொல்லித்தராத பாடம்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளாகிறார் என்று வந்தது. 20 பேர் வேலை பார்க்கும் மொத்தக் கடையில் ஒருவர். நாலு நாலு பேராக உள்ள மளிகைக் கடைகள் ஐந்து சேர்ந்த தெருவில் ஒருவர். வயதுக் கணக்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2005-இல் வெளியான பெரிய ஆய்வொன்றின்படி, வாழ்நாளில் மனநோய் வருபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது 24 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகிறது. நாம் பையன்களையும் பெண்பிள்ளைகளையும் வேலைக்கு எடுக்கும் வயது எது? 18 முதல் 24. ஆக, இது தொடங்கும் காலமும் அந்தப் பிள்ளை நம் கடை வாசலில் நிற்கும் காலமும் ஒன்று.

"நாங்கள் எல்லாம் பன்னிரண்டு வயதில் கடையில் சேர்ந்து, சாக்கில் படுத்து, முதலாளி வீட்டுப் பழைய சோற்றைத் தின்று வளர்ந்தோம், எங்களுக்கு என்ன மனச்சோர்வு வந்தது?" என்று கேட்கும் பெரியவர்கள் நம் சங்கத்தில் உண்டு. நாங்களும் அந்த வழியில் வந்தவர்கள்தான். ஆனால் நினைத்துப் பார்த்தால், எங்களோடு சாக்கில் படுத்தவர்களில் ஒருவன் ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடினான். இன்னொருவன் குடித்தே போனான். அதற்கு அன்றைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

செல்போனில் என்ன பயிற்சி

மனச்சோர்வுக்கு மாத்திரை உண்டு. மாத்திரை இல்லாமல் பேச்சாலும் பழக்கத்தாலும் சீர்செய்யும் முறையும் உண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஆரன் பெக் என்ற டாக்டர் 1960-களில் வகுத்த முறை இன்று பெரும்பாலான பயிற்சிகளுக்கு அடிப்படை. நம் பாஷையில் சொன்னால், அது மனசுக்குள் ஒரு பேரேடு எழுதக் கற்றுக்கொடுப்பது.

ஒரு உதாரணம். கடைப் பையன் ஒருவன் வெளியூர் வியாபாரிக்கு வாட்ஸப்பில் விலை அனுப்புகிறான். அவர் பார்த்துவிட்டார், நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை. சோர்ந்த மனசு உடனே என்ன சொல்லும்? "அவருக்கு என் மேல் கோபம். முதலாளியிடம் சொல்லிவிடுவார். என்னை நிறுத்திவிடுவார்கள். நான் எங்கே போனாலும் இப்படித்தான்." ஒரு நீல டிக்கிலிருந்து வாழ்க்கையே முடிந்தது என்பது வரை போக அரை நிமிடம் ஆகாது. பயிற்சியில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்றால், அந்த நினைப்பைத் தாளில் எழுது. ஒரு பக்கம் அதற்கு ஆதாரம் என்ன, மறுபக்கம் எதிர் ஆதாரம் என்ன என்று எழுது என்கிறார்கள். ஆதாரம்: பதில் வரவில்லை. எதிர் ஆதாரம்: அது அவர் கடையில் கூட்ட நேரம், போன வாரம் இருபது மூட்டை எடுத்தார், இதற்கு முன்பும் ராத்திரிதான் பதில் போட்டிருக்கிறார். இரண்டையும் தள்ளி நிலுவை பார்த்தால் அந்த நினைப்பு நிற்காது. ஒரு பாக்கியை வராக்கடன் என்று எழுதித் தள்ளுவதற்கு முன் நாம் எத்தனை தரம் புரட்டிப் பார்க்கிறோம்! சோர்ந்த மனசு எடுத்த எடுப்பில் தன்னையே வராக்கடன் என்று எழுதிவிடுகிறது.

இரண்டாவது பாடம் செயல் பற்றியது. சோர்வு வந்தவன் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வருவான். கிரிக்கெட் போகமாட்டான், கல்யாணத்துக்குப் போகமாட்டான், முடிவெட்டக்கூடப் போகமாட்டான். நிறுத்த நிறுத்தச் சந்தோஷத்துக்கு வழி அடைபடும், சோர்வு ஏறும். மனசு சரியானதும் செய்வோம் என்று காத்திராமல், சிறியதாக ஒன்றை நாள் குறித்துச் செய்தால் மனசு பின்னால் வரும் என்கிறார்கள். பிரச்சினைகளை நம் கையில் உள்ளது, கையில் இல்லாதது என்று பிரித்துக் கையில் உள்ளதைத் துண்டு துண்டாக முடிப்பது. மூச்சை நிதானமாக்கி உடம்பைத் தளர்த்துவது. தனக்கு வேண்டியதை மேலே உள்ளவரிடம் சண்டையில்லாமல் எடுத்துச் சொல்வது ஆகியவையும் பாடங்களில் உண்டு. கடைசியாகச் சொன்னதைப் படித்தபோது எங்களுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. முதலாளியிடம் எப்படிப் பேசுவது என்பதற்கே ஒரு பாடம் வைக்க வேண்டியிருக்கிறது.

இவற்றைச் சிகிச்சை அறையில் ஒவ்வொருவராக உட்கார்ந்து கற்பதற்கு அத்தனை மனநல நிபுணர்கள் நாட்டில் இல்லை. நம் பிள்ளைகளுக்கு நேரமும் இல்லை. அதனால்தான் கம்ப்யூட்டர், செல்போன் வழியே பாடமாக்கினார்கள். ஆஸ்திரேலியாவின் தேசியப் பல்கலைக்கழகம் 2001-லேயே இளைஞர்களுக்காக இப்படி ஒன்றை இணையத்தில் வெளியிட்டது.

வேலை பார்ப்பவர்களுக்கு, அதுவும் நோய் வருமுன் கொடுத்தால் பயன் உண்டா என்பதற்கு ஜப்பானில் நடந்த ஒரு சோதனையை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கம்ப்யூட்டர் தொழில் நிறுவனங்களில் வேலை பார்த்த 762 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். அப்போது மனச்சோர்வு நோய் இல்லாதவர்களை மட்டுமே சேர்த்தார்கள். 381 பேருக்குப் பயிற்சி. மற்ற 381 பேருக்கு அது இல்லை. பயிற்சி ஆறு வாரம், வாரம் அரை மணி நேரப் பாடம், ஒரு வீட்டுப்பாடம். அதிலும் பாடத்தைப் பிரசங்கமாக வைக்கவில்லை. ஜப்பானியர்கள் பெரியவர்களும் விரும்பிப் படிக்கும் மங்கா என்ற சித்திரக் கதையாக, ஒரு ஊழியர் ஆலோசகரிடம் கற்றுக்கொள்வது போல வைத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற பக்கம் மனச்சோர்வு நோய் கண்டவர்கள் 3 பேர். பெறாத பக்கம் 15 பேர். இந்த முடிவு 2015-இல் வெளியாயிற்று.

ஜெர்மனியில் லேசான அறிகுறி தொடங்கிவிட்ட, ஆனால் நோய் என்று சொல்லும் அளவுக்குப் போகாத 406 பேரை வைத்துச் செய்தார்கள். இதுவும் ஆறு பாடம், ஒவ்வொன்றும் அரை மணி. கூடவே ஒரு பயிற்சியாளர் வீட்டுப்பாடத்தைப் படித்து எழுத்தில் பதில் போட்டார். ஒரு வருடத்துக்குள் நோயாக முற்றியது பயிற்சி பெற்றவர்களில் 100-க்கு 27 பேருக்கு. வெறும் தகவல் மட்டும் படித்தவர்களில் 100-க்கு 41 பேருக்கு. 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இது வந்தது. நூற்றுக்கு 27 என்பது சின்ன எண் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். இது தடுப்பூசி மாதிரி முழுக் காப்பு தருவதல்ல.

மறுபக்கமும் உண்டு. இங்கிலாந்தில் 691 நோயாளிகளிடம் பார்த்தார்கள். அவர்களுக்கு நோய் ஏற்கெனவே வந்தாகிவிட்டது. கம்ப்யூட்டர் பாடத்தைக் கொடுத்து, எப்போதாவது போன் பண்ணி, மற்றபடி நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று விட்டார்கள். வழக்கமான டாக்டர் வைத்தியத்தைவிட அதனால் கூடுதல் பலன் இல்லை என்று 2015-இல் முடிவு வந்தது. எல்லாப் பாடங்களையும் முடித்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த மூன்றையும் சேர்த்து வைத்து நாங்கள் புரிந்துகொண்டது, நோய் வருமுன்னும் லேசாக இருக்கும்போதும்தான் இதற்கு வேலை. கூட ஒரு மனிதர் இருந்து கேட்டால்தான் பிள்ளைகள் தொடர்ந்து செய்வார்கள். செல்போனில் எதையோ ஏற்றிக் கொடுத்துவிட்டு, நம் கடமை முடிந்தது என்று இருந்தால் காசும் போகும், பயனும் இராது.

எங்கள் கடைப்பக்கம் நடந்தது

2024-இல் எங்கள் தெருவில் நான்கு கடைக்காரர்கள் சேர்ந்து இதைச் செய்து பார்த்தோம். மதுரையில் உள்ள மனநல ஆலோசகர் ஒரு அம்மையாரை ஏற்பாடு செய்தோம். வயது முப்பதுக்குள் இருக்கும். அவர் அங்கிருந்தே வீடியோவில் பேசுவார். வியாழக்கிழமை பிற்பகல் மூன்று முதல் மூன்றரை. அந்த நேரம் கடையில் கூட்டம் இராது. ஆறு வாரம். நான்கு கடைகளிலுமாகப் பையன்கள், பெண்பிள்ளைகள் பதினொரு பேர். எங்கள் கிட்டங்கி மாடியில் ஒரு அறை. வாரத்தின் மற்ற நாட்களில் அவர் அனுப்பும் சின்ன ஒலிப்பாடத்தைப் போனில் கேட்டு, நோட்டில் எழுதி, அவருக்கே நேராக அனுப்ப வேண்டும். ஒரு ஆளுக்கு ஆறு வாரத்துக்கும் ஆன செலவு ஒரு டின் எண்ணெய் விலைக்கும் கீழே.

முதல் வாரம் நாங்களே கெடுத்தோம். நல்ல காரியம் நடக்கிறது, பார்ப்போம் என்று நான்கு முதலாளிகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம். பதினொரு பேரும் கைகட்டி நின்றார்கள். "வேலையில் என்ன கஷ்டம்?" என்று அந்த அம்மையார் கேட்டதற்கு, ஒருவர் பாக்கியில்லாமல் "ஒண்ணும் இல்ல மேடம்" என்றார்கள். முடிந்ததும் அவர் எங்களைக் கூப்பிட்டு, "அடுத்த வாரம் நீங்கள் கீழே இருந்தால் நல்லது சார்" என்றார். இருந்தோம். மாடியிலிருந்து சிரிப்புச் சத்தமெல்லாம் கேட்டது.

மூன்றாம் வாரம் சண்டை வந்தது. காசு கொடுப்பவர்கள் நாம். எந்தப் பிள்ளை எப்படி இருக்கிறது என்று தெரியவேண்டாமா? இனி ஒரு பையனை ஆஸ்பத்திரியில் பார்க்கக்கூடாது என்ற எண்ணத்தில்தான் கேட்டோம் என்று மனசறியச் சொல்லலாம். ஆனால் நோட்டை அனுப்புங்கள் என்று கேட்டதற்கு அவர் அனுப்பமாட்டேன் என்றுவிட்டார். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் இதெல்லாம் ரகசியம் காக்க வேண்டியவை, பிள்ளைகளின் சம்மதம் இல்லாமல் ஒரு வரி வெளியே வராது என்றார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உடனே தகவல் சொல்வேன் என்றார். எங்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு தம் கடைப் பிள்ளைகளை நிறுத்திவிடுவதாகச் சொல்லி, பிறகு சமாதானமானார்.

அவர் ஒன்று கேட்டார். "உங்கள் வியாபாரக் கணக்கை ஆடிட்டர் பக்கத்துக் கடைக்காரருக்குக் காட்டினால் அடுத்த வருடம் அவரிடம் உண்மைக் கணக்கைக் கொடுப்பீர்களா சார்?" அதற்குமேல் பேச எங்களிடம் ஒன்றும் இல்லை. முதலாளி பார்ப்பார் என்று தெரிந்தால் பிள்ளை நோட்டில் நல்லபிள்ளையாகத்தான் எழுதும்.

ஆறு வாரத்தில் இரண்டு பேர் பாதியில் நின்றார்கள். ஒருவரை ஆலோசகர், அவர் சம்மதத்துடன், மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் அரசு டாக்டரிடம் அனுப்பினார். யார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது; இரண்டு வியாழன் அரை நாள் விடுப்புக் கேட்டவரை ஏன் என்று கேட்காமல் விட்டோம். மீதிப் பேர் முடித்தார்கள். பயிற்சியால் யார் தப்பினார், யாருக்கு எப்படியும் வந்திராது என்பதைப் பதினொரு பேரை வைத்துச் சொல்லமுடியாது. ஒன்று மட்டும் கண்ணால் கண்டோம். பில் போடும் பெண்பிள்ளை ஒருத்தி, ஆடிமாதக் கூட்டத்தில் நாங்கள் வழக்கம்போலச் சத்தம் போட்டபோது, எல்லோரும் போனபிறகு வந்து, "அண்ணாச்சி, தப்பு இருந்தா தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, திருத்திக்கிறேன். ஆள் முன்னால சொன்னா அன்னைக்கு முழுக்கக் கை ஓடமாட்டேங்குது" என்றாள். முன்பாக இருந்தால் அவளும் வாய்திறக்காமல் நின்றுபோயிருப்பாள். எங்களுக்கும் கோபம்தான் வந்திருக்கும்.

ஆலோசகர் ஏற்பாடு செய்ய வசதிப்படாத சிறு கடைக்காரர்களுக்கும் வழி உண்டு. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு எண் 14416. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 2024-இல் இதற்கென்று செல்போன் ஆப்பும் வெளியிட்டிருக்கிறார்கள். இந்த ஐந்து எண்ணைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, பிள்ளைகள் சாப்பிடும் இடத்தில் ஒட்டிவைக்கலாம். பெட்டியடிக்கு எதிரே ஒட்டவேண்டாம். முதலாளி கண்முன்னே அதை யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள். சாவைப் பற்றி ஒரு பிள்ளை வாயால் சொல்லிவிட்டால் பாடம், ஆப் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தனியே விடாமல் கூட ஒரு ஆள் இருந்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

செல்போனில் மனநலம் என்ற பெயரில் கிடைப்பதெல்லாம் சரக்கு அல்ல. இலவசம் என்று சொல்லிப் பிறகு மாதச் சந்தா பிடிப்பது, பிள்ளையின் அந்தரங்கத்தை வாங்கி எங்கேயோ விற்பது எல்லாம் நடக்கிறது. யார் தயாரித்தது, பின்னால் மனநல நிபுணர் இருக்கிறாரா, தகவல் எங்கே போகிறது என்று கேட்காமல் நம் செலவில் எதையும் ஏற்றிக்கொடுக்க வேண்டாம். இப்போது பிள்ளைகள் ராத்திரியில் கம்ப்யூட்டர் மூளையோடு மனசுவிட்டுப் பேசுகிறார்களாம். பேசட்டும்; அதுவே வைத்தியர் என்று விட்டுவிடக் கூடாது.

இனிச் சொல்வது சில அன்பர்களுக்குக் கசக்கலாம். வாரத்துக்கு அரை மணி நேரம் மனசைச் சீர்படுத்தக் கற்றுக்கொடுத்துவிட்டு, மீதி நேரமெல்லாம் அதைக் கெடுத்தால் பயிற்சி என்ன செய்யும்? நாளெல்லாம் நிற்கும் பிள்ளைக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்தது. எத்தனை கடையில் ஸ்டூல் போட்டிருக்கிறோம்? போட்ட ஸ்டூலில் அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கிறோமா, ஆள் உட்கார்ந்திருக்கிறாரா? வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை என்பது 1947-ஆம் வருடச் சட்டத்திலேயே உள்ளது. ஞாயிறு காலையில் 'லோடு வருது, ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போ' என்று கூப்பிடுவது நம் பழக்கம். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் 'நாளைக்கு அந்தப் பார்ட்டி பில் என்னாச்சு' என்று கேட்பதும் நாம்தான். பிள்ளை அதைப் பார்த்துவிட்டு எப்படித் தூங்கும்? எங்கள் கடையில் எட்டரைக்கு மேல் தகவல் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம். முதல் மாதம் நாங்களே நாலு தடவை மீறினோம்.

பிடித்தம் செய்வதையும் விட்டுவிட்டோம். தவறு நடந்தால் தனி நோட்டில் தேதியோடு எழுதி, மாதக் கடைசியில் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கிறோம். ஒரே ஆள் ஒரே மாதத்தில் திடீரென்று நாலைந்து தவறு செய்திருந்தால், தவறைப் பற்றிப் பேசுவதற்கு முன் சாப்பாடு, தூக்கம் எப்படி என்று கேட்கிறோம். பதில் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

அந்தப் பையன் வைத்தியம் எடுத்துக்கொண்டு தேறிவிட்டான். தன் மாமன் கடையில் கணக்குப் பார்க்கிறான். எங்களிடம் திரும்பி வரவில்லை. வரச்சொல்லிக் கூப்பிட எங்களுக்கும் வாய் வரவில்லை. சென்ற வருடம் பங்குனிப் பொங்கலில் கூட்டத்தில் பார்த்து, "நல்லாருக்கீங்களா அண்ணாச்சி" என்று அவனாகவே கேட்டான்.

அடுத்த பயிற்சி தீபாவளி வியாபாரம் முடிந்து, கார்த்திகை முதல் வியாழன் தொடங்குகிறது. இந்த முறை சங்கக் கட்டடத்தின் மேல்மாடியைத் தர நிர்வாகிகள் சம்மதித்திருக்கிறார்கள். ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் எடுக்க இயலாது என்று ஆலோசகர் சொல்லியிருப்பதால், இரண்டு குழுவாக நடத்த உத்தேசம். சேர்க்க விரும்பும் கடைக்காரர்கள் ஐப்பசி கடைசிக்குள் சங்க அலுவலகத்தில் எத்தனை பேர் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். பிள்ளைகளின் பெயரைக் குறிப்பிட வேண்டாம்.